லாக் அதிகமானால் டேட்டாபேஸ் மெதுவாகுமா?

ஜூலை 17, 2023, இரவு 9.12 (கேள்வி)

மருந்து மொத்த வியாபாரக் கடை. ஒன்பது கணினிகள், ஒரு சர்வர். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் 8.0, 8 ஜிபி ரேம், சாதாரண ஹார்ட் டிஸ்க். காலையில் பில் போட்டால் ஒரு நொடிக்குள் முடிகிறது. மாலையில் அதே பில் ஏழெட்டு நொடி. மறுநாள் காலை பழையபடி வேகம். "லாக் ரொம்ப ஆகுது, அதான்" என்கிறார் மென்பொருள் போட்டுக்கொடுத்தவர். லாக்கால் இவ்வளவு மெதுவாகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று சதவீதம். டிஸ்க் பழசு, மாற்றினால் போதும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?

ஜூலை 17, இரவு 9.52

டிஸ்க்கை இப்போதைக்கு மாற்றாதீர்கள். சதவீதக் கணக்கு லாக்குக்குப் பொருந்தாது. ஒருவர் ஒரு ரோவை (டேபிளின் ஒரு வரியை) பிடித்துவைத்துக்கொண்டு, கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமல்) டீ குடிக்கப் போய்விட்டால், அதே ரோ வேண்டும் என்கிறவர் நிற்க வேண்டியதுதான். மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமித்துவைக்கும் எஞ்சினான இன்னோடிபி 50 நொடி வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் பிழை காட்டும். அதற்குள் அவர் டீ குடித்துவிட்டு வந்துவிட்டால் பிழையும் வராது, "மெதுவாக இருக்கிறது" என்ற புகார் மட்டும் வரும். சிஸ் ஸ்கீமாவில் இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் என்று ஒரு வியூ இருக்கிறது. மெதுவாக இருக்கும் நேரத்தில் அதை ஒரு செலக்ட் போட்டுப் பாருங்கள். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று தெரியும்.

(கைபேசியில் தமிழ் விசைப்பலகையிலேயே தட்டுகிறேன். கட்டளைகளை ஓசைப்படி படித்துக்கொள்ளுங்கள்.)

ஜூலை 17, இரவு 10.08

மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கேள்வியை இன்னொரு தரம் படித்தேன். நீங்கள் கேட்பது எழுதிவைக்கிற லாக். நான் படித்தது பூட்டுகிற லாக். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ரெப்ளிகா (நகலாக ஓடும் இன்னொரு சர்வர்) பின்தங்குவதையும் எங்கள் ஆபீஸில் ஒருவர் லாக் என்றே எழுதுவார், அது மூன்றாவது. "லாக்கால் லாக் ஆகி லாக் ஆகிறது" என்று அவரிடமிருந்து ஒருமுறை மெயிலே வந்திருக்கிறது.

இனி இந்த இழையில் பூட்டு என்றால் பூட்டு, பதிவு என்றால் எழுதிவைப்பது. ஜெனரல் லாக் மாதிரிப் பெயர்களில் மட்டும் லாக் இருக்கும்.

ஜூலை 17, இரவு 11.35

எந்தப் பதிவு என்று தெரியாமல் பேச முடியாது. மைஎஸ்க்யூஎல்லில் பதிவு என்ற பெயரில் நாலைந்து ஜீவன்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

ரீடூ லாக் இன்னோடிபியின் உயிர்நாடி. கமிட் ஆனது என்று சொல்வதற்கு முன்னால் அதில் எழுதி டிஸ்க்கில் இறக்கியாக வேண்டும். அதை நிறுத்த நினைக்க வேண்டாம். பைனரி லாக் என்கிற பின்லாக், நடந்த மாற்றங்களின் வரிசை. ரெப்ளிகாவுக்கும், பழைய பேக்கப்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட நிமிடம் வரை மீட்பதற்கும் வேண்டும். ஸ்லோ குவரி லாக், நேரம் எடுக்கும் குவரிகளை (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைகளை) மட்டும் பிடிக்கும். கைவைக்காமல் விட்டால் 10 நொடிக்கு மேல் ஓடுவதுதான் அதில் விழும், தவிர அது அணைந்தேதான் வரும். ஜெனரல் லாக் இருக்கிறதே, அது வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் எழுதிவைக்கிற திண்ணைத் தாத்தா. செலக்ட்டும் விழும், கனெக்ட் ஆனதும் விழும், குவரி எவ்வளவு நீளமோ அவ்வளவும் அப்படியே விழும். இதுவும் அணைந்தே வரும். யாராவது போட்டால்தான் எரியும்.

என் சொந்தக் கதை பின்லாக்கில் தொடங்கியது. ஒரு ஜவுளிக்கடை, பெயர் வேண்டாம். பதினான்கு பில்லிங் கவுண்டர், சர்வரில் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க். 2022 ஜூனில் 5.7-இலிருந்து 8.0-க்கு ஏற்றினேன். ஏற்றிய வாரத்திலிருந்து பில் மெதுவாக வருகிறது என்று புகார். குவரி மாறவில்லை, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் மாறவில்லை. மூன்று நாள் இண்டெக்ஸையே குடைந்தேன். மாறியது ஒன்றுதான்: 5.7-இல் பின்லாக் நாமாகப் போட்டால்தான் உண்டு, 8.0-இல் நாமாக அணைத்தால்தான் இல்லை. சிங்க்_பின்லாக் 1 என்பதால் கமிட்டுக்குக் கமிட் அதுவும் டிஸ்க்கில் இறங்கும். இப்படி டிஸ்க்கில் இறக்கவைப்பதற்குப் பெயர் எஃப்சிங்க். ரீடூவுக்கு ஒரு எஃப்சிங்க், பின்லாக்குக்கு ஒரு எஃப்சிங்க்.

கணக்கு போடுங்கள். 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு எஃப்சிங்க்குக்கு ஒரு சுற்று என்று வைத்தால் நொடிக்கு 120தான். அந்த மென்பொருள் ஒரு பில்லுக்கு அறுபது கமிட் போடுகிறது. ஒவ்வொரு ஐட்டமும் தனித்தனி இன்சர்ட், ஸ்டாக் குறைப்பது தனி அப்டேட், எல்லாம் ஆட்டோகமிட், அதாவது வரிக்கு வரி தானாகவே கமிட். அறுபதை இரண்டால் பெருக்கினால் 120. அதாவது ஒரு பில்லுக்கு டிஸ்க்கின் ஒரு முழு நொடி. ஐந்து கவுண்டரில் ஒரே நேரத்தில் எண்டர் தட்டினால்? ஒன்றாக வரும் கமிட்டுகளைச் சேர்த்து இறக்கும் குரூப் கமிட் என்று ஒன்று இருப்பதால் முழுசாக ஐந்து மடங்கு ஆகாது. ஆனாலும் வரிசையில் நிற்கிறவர் முகம் சுளிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

உங்கள் கதையும் இதேதான் என்பது என் ஊகம். நாளை மாலை மெதுவாகும்போது டிஸ்க் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் ஐஓஸ்டாட் -எக்ஸ் 1 ஓடவிட்டு ஒரு நிமிடத்து வெளியீட்டை இங்கே போடுங்கள். எழுத்துதான் அதிகமாக இருக்கும், பாருங்கள்.

ஜூலை 18, காலை 7.05

ராத்திரி எழுதியதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. எல்லாப் பதிவும் வரிக்கு வரி டிஸ்க்கில் இறங்குவது போல ஒரு தொனி வந்துவிட்டது. ரீடூவும் பின்லாக்கும்தான் அப்படி. ஜெனரல் லாக்கைக் கோப்பில் எழுதும்போது எஃப்சிங்க் கிடையாது. இயங்குதளம் கோப்புகளுக்காக ரேமில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் போட்டுவிட்டு வந்துவிடும், லினக்ஸ் பிறகு ஆற அமர இறக்கிக்கொள்ளும். ஆகவே அளவான போக்குவரத்தில், கோப்பில் போகும் ஜெனரல் லாக்குக்கு உங்கள் இரண்டு மூன்று சதவீதம் சரியாகவே இருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 18, மாலை 6.20

ஒருவர் கீழே "இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் 2, சிங்க்_பின்லாக் 0, முடிந்தது கதை" என்று ஒரே வரியில் மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். ஜவுளிக்கடையில் நானும் அதைத்தான் செய்தேன். பில் பறந்தது. முதலாளி எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தார்.

முதலாவதை 2 என்று வைத்தால் கமிட்டின்போது இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டு வந்துவிடும், டிஸ்க்கில் இறக்குவது நொடிக்கு ஒருமுறை. மைஎஸ்க்யூஎல் மட்டும் செத்தால் பாதகமில்லை. கரண்டு போனால் கடைசி ஒரு நொடி காற்றில். அந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை கரண்டு போனது, யூபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரி. அந்த ஒரு நொடியில் ஒரு பில் இருந்தது. காகிதத்தில் அச்சாகி வாடிக்கையாளர் கையில் போய்விட்டது. டேட்டாபேஸில் இல்லை. சர்வர் எழுந்ததும் அடுத்த ஆளுக்கு அதே எண்ணில் பில் போட்டது. ஒரே எண்ணில் இரண்டு காகிதம், ஒன்றில் இரண்டு பட்டுப்புடவை, இன்னொன்றில் குழந்தைக்கு ஒரு பாவாடை சட்டை.

ஜிஎஸ்டி விதி 46 படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், தொடர்ச்சியாக இருக்க வேண்டும், அந்த நிதியாண்டில் திரும்ப வரக்கூடாது. இது எனக்குத் தெரிந்தது ஆடிட்டர் போனில் கத்தியபோதுதான். பட்டுப்புடவை வாங்கியவர் மாற்றிக்கொள்ள வந்தபோது ஸ்கேன் செய்தால் பாவாடை சட்டை வருகிறது.

இரண்டையும் 1-க்கே திருப்பி வைத்தேன். பில் மறுபடி மெதுவானது. ஜிகர்தண்டாவைத் திருப்பிக் கேட்காதது முதலாளியின் பெருந்தன்மை.

ஜூலை 18, இரவு 9.40

"அப்புறம் எப்படித்தான் சரி செய்தீர்கள்?" என்று இரண்டு பேர் கேட்கிறார்கள்.

ஒரு பில்லுக்கு எத்தனை குவரி என்று எண்ணினேன். கடை அடைத்த பிறகு ஜெனரல் லாக்கைப் போட்டு, எட்டு ஐட்டத்துக்கு ஒரு பில் அடித்து, கோப்பில் எண்ணினால் 340 குவரி. அதில் கமிட் ஆகிறவை சுமார் அறுபது. மென்பொருள்காரரிடம் இரண்டே வரி சேர்க்கச் சொன்னேன்: பில் தொடங்கும்போது ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன், முடியும்போது கமிட். அறுபது கமிட் ஒன்றானது. பின்லாக்கும் இருக்கட்டும், 1-உம் இருக்கட்டும், டிஸ்க்கும் அதே டிஸ்க், பில் ஒரு நொடிக்குள்.

மறுநாளே இன்னொரு தலைவலி. பில் எண்ணை ஒரு டேபிளில் ஒரே ஒரு ரோவில் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டுகிறார்கள். முன்பு அந்த அப்டேட் தனியாகக் கமிட் ஆகி ரோவை உடனே விட்டுவிடும். இப்போது டிரான்சாக்‌ஷனின் முதல் வரியே அதுதான், பில் முடியும்வரை ரோ பூட்டிக் கிடக்கிறது. பதினான்கு கவுண்டரும் ஒற்றையடிப் பாதையில். எண் வாங்குவதைக் கமிட்டுக்கு முந்தின வரிக்குத் தள்ளிய பிறகுதான் ஓய்ந்தது. நேற்று தவறாகப் படித்து எழுதிய முதல் குறிப்பு வீணாகப் போகவில்லை பாருங்கள். பதிவை நேர்செய்யப் போய் பூட்டில் மாட்டினேன்.

ஜூலை 19, இரவு 8.15

ஐஓஸ்டாட் வந்துவிட்டது. என் ஊகம் தப்பு.

எழுத்து அதிகமாக இருக்கும் என்றேன். எழுத்து ஒன்றுமே இல்லை. நொடிக்கு 140 எம்பி வாசிப்பு, டிஸ்க் 100 சதவீதம், நிமிடம் முழுக்க இறங்கவே இல்லை. ஒன்பது கணினியுள்ள மருந்துக்கடையில் எதை இவ்வளவு வாசிக்கிறார்கள்? உங்கள் டேட்டாபேஸ் மொத்தமும் 5 ஜிபிதான் என்கிறீர்கள்.

பின்லாக் கதையை இத்துடன் மூட்டை கட்டுகிறேன், உங்களுக்கு அது சம்பந்தமில்லை. இப்போது என்னென்ன குவரி ஓடுகிறது என்று காட்டும் ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் போட்டு அனுப்புங்கள். ஃபுல் என்பதை விட்டால் குவரியை நூறு எழுத்தோடு வெட்டிவிடும்.

ஜூலை 19, இரவு 10.40

அனுப்பிய பட்டியலில் உங்கள் பில்லிங் குவரிகள் இரண்டு மூன்று, எல்லாம் காத்திருக்கின்றன. அவற்றுக்கு மேலே ஒரே மாதிரி ஐந்து குவரி:

செலக்ட் கவுண்ட் ஃப்ரம் மைஎஸ்க்யூஎல்.ஜெனரல்_லாக், ஆர்கியூமெண்ட் என்ற பத்தியில் எங்கேயாவது 'டிலீட்' என்று இருந்தால்.

ஒன்று 38 நொடியாக ஓடுகிறது. ஒன்று 29. அடுத்தது 18. பத்து நொடிக்கு ஒன்றாகக் கிளம்பியிருக்கின்றன.

ஷோ வேரியபிள்ஸில் லாக்_அவுட்புட் என்ன என்று கேட்டேன், டேபிள் என்றீர்கள். அங்கேதான் முடிச்சு. ஜெனரல் லாக்கைக் கோப்பிலும் போடலாம், டேபிளிலும் போடலாம். டேபிள் என்று போட்டால் மைஎஸ்க்யூஎல் ஸ்கீமாவுக்குள் ஜெனரல்_லாக் என்ற டேபிளில் விழும். பெயர்தான் டேபிள். உள்ளே சிஎஸ்வி எஞ்சின், கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. இண்டெக்ஸ் கிடையாது, இன்னோடிபி தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலுக்குள் வராது. ஒரு வரி தேடினாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாக வேண்டும்.

டேட்டா டைரக்டரியில் மைஎஸ்க்யூஎல் என்ற அடைவுக்குள் அந்தக் கோப்பு எத்தனை பெரிசு என்று பார்த்துச் சொல்லுங்கள். இப்போது, பிறகு நாளை காலை ஒருமுறை.

ஜூலை 20, காலை 9.30

இரவு 2.4 ஜிபி. காலை 9 மணிக்கு 60 எம்பி. நள்ளிரவில் யாரோ கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வைத்து டேபிளைத் துடைக்கிறார்கள்.

காலை வேகம், மாலை மந்தம், மறுநாள் பழையபடி: உங்கள் கேள்வியிலேயே இது இருந்தது. நான் என் ஜவுளிக்கடையை நினைத்துக்கொண்டே படித்ததால் கண்ணில் படவில்லை. என் கதையில் காலையிலும் மெதுவாகத்தான் இருந்தது.

ஜூலை 20, இரவு 10.15

இன்னொன்று. நடுவில் போகிறபோக்கில் நீங்கள் சொன்னது: "யாரோ சொன்னார்கள் என்று பஃபர் பூலை 2 ஜிபியிலிருந்து 6 ஜிபி ஆக்கினேன், அப்போதிருந்து இன்னும் மோசம். முன்பு ஆறு மணிக்கு மேல்தான், இப்போது இரண்டு மணிக்கே."

இதைப் படித்துவிட்டு மனதுக்குள் விசில் அடித்தேன். பஃபர் பூல் இன்னோடிபிக்கு மட்டும். சிஎஸ்வி கோப்பு நினைவகத்தில் இருக்க வேண்டுமானால் லினக்ஸின் பேஜ் கேஷில்தான் இருக்க வேண்டும். 8 ஜிபியில் 2 ஜிபி பஃபர் பூல் என்றால் கோப்பு சாயங்காலம்வரை கேஷுக்குள் அடங்கியிருக்கும், ஐந்து குவரி அதைப் புரட்டினாலும் டிஸ்க்குக்குத் தெரியாது. 6 ஜிபியைப் பஃபர் பூலுக்கு எழுதிக்கொடுத்தபின் மீதி ஒரு ஜிபி சொச்சம். கோப்பு அதைத் தாண்டிய நிமிடத்திலிருந்து ஒவ்வொரு தேடலும் டிஸ்க்குக்குப் போகிறது. 2.4 ஜிபியை நொடிக்கு 140 எம்பியில் படிக்க 17 நொடி. பத்து நொடிக்கு ஒருமுறை புதுத் தேடல் வந்தால் முந்தினது முடிவதற்குள் அடுத்தது. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். பில்லுக்கான எஃப்சிங்க் அந்தக் கூட்டத்தில் இடுப்பை நெளித்து நுழைய வேண்டும்.

ரேம் நிறையக் கொடுத்தால் மெதுவாகிறது என்று வேறு யாராவது சொன்னால் நான் சிரித்திருப்பேன்.

ஜூலை 20, இரவு 10.50

மறந்துவிட்டேன். ஒரே நாளில் 2.4 ஜிபி எப்படி? கோப்பின் கடைசி வரிகளை டெயில் போட்டு அனுப்பியிருந்தீர்கள், திரையே நிரம்பிவிட்டது. ஒரு மருந்தைத் தேடத் திரையைத் திறந்தால் கடையிலுள்ள எல்லா மருந்தின் ஐடியும் இன் என்ற அடைப்புக்குறிக்குள் வரிசையாக. ஒரு குவரியே 40 கேபி. கோரிக்கை வைக்கச் சொன்னால் வாக்காளர் பட்டியலையே ஒப்பித்திருக்கிறார். ஜெனரல் லாக் அதைச் சுருக்காது, முழுசாக எழுதும்.

ஜூலை 22, இரவு 11.10

இன்று சனிக்கிழமை, போனில் சேர்ந்தே செய்தோம். தம்பி திரையில், நான் காதில்.

முதலில் செட் குளோபல் ஜெனரல்_லாக் ஆஃப். சர்வரை நிறுத்தித் துவக்க வேண்டியதில்லை. பிறகு டேபிளைக் காலி செய்யும் டிரங்கேட், அந்த டேபிளுக்கு அது அனுமதி உண்டு. ஓடிக்கொண்டிருந்த ஐந்து தேடலையும் கில் செய்தோம். ஐஓஸ்டாட்டில் 100 என்று நின்றுகொண்டிருந்த எண் 3, 5, 2. பில் ஒரு நொடிக்குள். "டிஸ்க் புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்றார் முதலாளி. அவருக்கு வாங்காத டிஸ்க்கின் பணம் மிச்சம்.

ஆனால் அந்தத் தேடலை யார் ஓட்டினார்கள்? முதலாளிதான். போன வருடம் யாரோ ஒரு ஊழியர் பில்லை அழித்துவிட்டுப் பணத்தை எடுத்தாராம். "எவன் அழிக்கிறான்னு எனக்குத் தெரியணும்" என்று அவர் கேட்க, மென்பொருள் போட்டவர் ஜெனரல் லாக்கை டேபிளில் திருப்பிவிட்டு, பத்து நொடிக்கு ஒருமுறை எண்ணிக் காட்டும் டேஷ்போர்டு ஒன்றும் போட்டிருக்கிறார். முதலாளி அறை, கேஷ் கவுண்டர், வீடு, மூன்று இடத்தில் எப்போதும் திறந்தே இருக்கிறது. டிலீட் என்ற சொல்லை அந்தத் தேடலே தனக்குள் வைத்திருப்பதால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் தன்னையே ஒன்று கூட்டிக் காட்டும். அவர் பார்த்துக்கொண்டிருந்த எண் ஏறியதில் பாதி அவரேதான்.

அவர் தேவை நியாயமானது. வெறுமனே அணைத்துவிட்டு வர முடியாது. பில் டேபிளில் அழிக்கும்போது மட்டும் தானாக ஓடும் ஒரு டிரிக்கர், தனி டேபிளில் ஒரு வரி: பில் எண், தொகை, யார், எப்போது. மாதத்துக்கு முப்பது வரி தேறுமா என்பதே சந்தேகம். யார் என்பதற்கு மைஎஸ்க்யூஎல் பயனர் பெயர் பயன்படாது, ஒன்பது கணினியும் ஒரே பெயரில்தான் நுழைகின்றன. மென்பொருள் ஊழியர் எண்ணை ஒரு செஷன் மாறியில் வைத்துக் கொடுக்க வேண்டும். அது அடுத்த வாரம்.

ஜூலை 22, இரவு 11.25

ஸ்லோ குவரி லாக் எரிந்திருந்தால் அந்தத் தேடல் முதல் நாளே அதில் விழுந்திருக்கும், 10 நொடிக்கு மேல் ஓடியதால். எரிய வேண்டியது அணைந்திருந்தது, அணைய வேண்டியது எரிந்தது.

ஜூலை 25, மாலை 5.30

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு இதெல்லாம் இல்லை" என்று எழுதுகிறார்கள். உண்டு, வேறு உருவத்தில்.

லாகிங் கலெக்டர் என்று ஒரு தனிச் செயல்முறை இருக்கிறது. மற்றவர்கள் எழுத வேண்டியதைக் குழாய் வழியே அதனிடம் அனுப்புகிறார்கள். ஒரு வரியும் தொலையக்கூடாது என்பது அதன் விரதம். அதனால் அது பின்தங்கினால் அனுப்புகிறவர்கள் குழாய் காலியாகும்வரை நிற்பார்கள். இயங்குதளத்தின் பதிவுச் சேவையான சிஸ்லாக்குக்கு நேர்மாறான குணம், அது முடியாவிட்டால் வரிகளைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். எல்லாக் கட்டளையையும் எழுதச் சொல்லி லாக்_ஸ்டேட்மெண்ட் ஆல் என்று வைத்துவிட்டு, பதிவுக் கோப்பை மெதுவான டிஸ்க்கில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 13-ஆம் பதிப்பிலிருந்து நேரம் எடுக்கும் குவரிகளில் ஒரு பங்கை மட்டும் மாதிரிக்கு எழுதும் வசதி வந்திருக்கிறது, அது உருப்படியான ஏற்பாடு. லாக்_ஹோஸ்ட்நேம் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு இணைப்புக்கும் டிஎன்எஸ்ஸில் போய் ஊர் பெயர் விசாரிக்கும்.

இதற்குமேல் போஸ்ட்கிரெஸ் பற்றி என்னைக் கேட்காதீர்கள், என் சோறு மைஎஸ்க்யூஎல்லில்.

ஆகஸ்ட் 2, இரவு 11.50

நாளை ஆடிப்பெருக்கு. ஜவுளிக்கடைக்குப் போய் சர்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வந்த மிதப்பு. டிஎஃப் போட்டால் டிஸ்க் 91 சதவீதம். எங்கே போயிற்று என்று டியூ போட்டுக்கொண்டே போனால், டேட்டா டைரக்டரியில் சர்வரின் பெயரிலேயே ஒரு .லாக் கோப்பு.

108 ஜிபி.

எண்ணைப் பார்த்ததும் ஆம்புலன்ஸ்தான் ஞாபகம் வந்தது. ஜெனரல் லாக் எரிந்துகொண்டிருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் அமைப்புக் கோப்பான மை.சிஎன்எஃப்பில் தேடினேன், ஒரு வரியும் இல்லை. செட் குளோபல் என்று போட்டிருந்தால் சர்வரைத் திரும்பத் துவக்கியதும் போயிருக்கும், இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ தடவை துவக்கியாயிற்று.

டேட்டா டைரக்டரியில் மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் என்று இன்னொரு கோப்பு இருக்கிறது. 8.0-இல் செட் பர்சிஸ்ட் என்று போட்டால் அதில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறை எழும்போதும் தானே படித்துக்கொள்ளும். திறந்தேன். ஜெனரல்_லாக், ஆன். பக்கத்தில் பயனர் ரூட், ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், 1660 என்று தொடங்கும் பதினாறு இலக்க எண். கடைசி ஆறு இலக்கத்தை வெட்டிவிட்டு நாளாக மாற்றினேன். 2022 ஆகஸ்ட் 14, ஞாயிறு, இரவு பதினொன்றரை வாக்கில். ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு. கடை அடைத்த பிறகு உட்கார்ந்து ஒரு பில்லுக்கு எத்தனை குவரி என்று எண்ணிய அதே இரவு. அந்த நேரத்தில் அந்த அறையில் இருந்தவர்கள் நானும் ஒரு பல்லியும்.

ஆகஸ்ட் 3, அதிகாலை 1.20

அவசரத்தில் கோப்பை நேராக ஆர்எம் போட்டு அழித்தேன். டிஎஃப் அதே 91. அடிக்கடி அடுத்தவருக்குச் சொல்கிற விஷயம்: கோப்பைத் திறந்து வைத்திருக்கும் செயல்முறை இருக்கும்வரை பெயர்தான் போகும், இடம் வராது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப்பில் பார்த்தால் 108 ஜிபி, பக்கத்தில் "டெலீட்டட்", இன்னமும் எழுதிக்கொண்டேயிருக்கிறது. செட் குளோபல் ஆஃப் கொடுத்ததும் கோப்பு மூடியது, டிஸ்க் கொஞ்ச நேரம் கரகரவென்று இரைந்தது, பிறகு இடம் வந்தது. பர்சிஸ்ட் கோப்பிலிருந்தும் நீக்க ரீசெட் பர்சிஸ்ட். இதை விட்டிருந்தால் அடுத்த துவக்கத்தில் தாத்தா மறுபடி திண்ணைக்கு வந்திருப்பார்.

ஆகஸ்ட் 3, இரவு 10.30

"ஒரு வருடமாக எரிந்ததே, கடையில் மெதுவாக இல்லையா?" நியாயமான கேள்வி. இல்லை. அணைத்த பிறகு இன்று ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் நாள் முழுக்கப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. நாளைக்குச் சராசரி 300 எம்பி, கோப்பில், எஃப்சிங்க் இல்லாமல், யாரும் அதைப் படிக்காமல். ஜூலை 18 காலை நான் எழுதியதுதான். இழையைத் தொடங்கியவரின் இரண்டு மூன்று சதவீதம் என் கடையில் உண்மை, அவர் கடையில் பொய். டிஸ்க் நிரம்பி ஒரு நாள் எல்லாக் கவுண்டரும் நின்றிருக்கும், அது வேறு வகை மெதுவு.

ஆகஸ்ட் 6, மாலை 4.45

ராத்திரி படுத்தபிறகு இன்னொன்று தோன்றியது. ஜவுளிக்கடைக்கு ஒரு ரெப்ளிகா உண்டு. இந்த ஜனவரியில் போட்டேன், டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுத்து. அப்போது ஆட்டோ.சிஎன்எஃப்பை மறக்காமல் அழித்தேன், அதில் இருக்கும் யூயூஐடி என்கிற அடையாள எண் இரண்டு சர்வருக்கும் ஒன்றாக இருந்தால் ரெப்ளிகேஷன் ஓடாது. மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப்பை அழிக்கவில்லை. பெயர் ஒரே மாதிரி, எழுத்து கொஞ்சம் கூட.

இன்று போய்ப் பார்த்தேன். எரிகிறது. 3 ஜிபிதான், பில்லிங் எதுவும் அங்கே நேராகப் போவதில்லை. டெயில் போட்டால் ஒரே குவரி, "இன்றைய விற்பனை மொத்தம்", நான்கு நொடிக்கு ஒன்று. முதலாளியின் கைபேசியில் இருக்கும் ரிப்போர்ட் செயலி. அதிகாலை இரண்டு மணிக்கும் விழுந்திருக்கிறது, மூன்று மணிக்கும். அவர் தூங்கியிருப்பார், கைபேசி தூங்கவில்லை. விடியற்காலை 4.50-லிருந்து மட்டும் வேறொரு குவரியும் கலந்து வருகிறது, போன வருடத்து ஆடியோடு ஒப்பிடுவது. அப்போது எழுந்துவிடுகிறார் போல.

அணைக்கலாம் என்று கையை வைத்தேன். அந்தச் செயலியில் ஒரு திரை நாளுக்கொருமுறை தப்பான மொத்தம் காட்டுகிறது என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். வீட்டுக் காலண்டரில் 11-ஆம் தேதிக் கட்டத்தில் சிவப்பு மையில் "லாக்" என்று எழுதிவைத்தேன். மனைவி பார்த்துவிட்டு எந்தப் பூட்டு கெட்டுப்போச்சு என்று கேட்கிறாள்.